ஆளில்லாத வீட்டின் கூரை

பயண விளம்பரத் தாளின் மூன்றாவது பத்தி இப்படி இருந்தது: "நான்காம் நாள், மனித வாடையே படாத ஓர் ஏரிக்கரையில், எப்போதோ யாரோ விட்டுப்போன தனி வீட்டைப் படம் பிடிப்போம்." எழுதியவன் வழிகாட்டிதான். அந்த யாரோ, அவனுடைய அக்கா.

அக்கா எங்கேயும் விட்டுப்போகவில்லை. பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில்தான் மாமாவுடனும் ஒன்பது ஆடுகளுடனும் இருக்கிறாள்.

பொய், பொய்யாகத் தொடங்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு முதல் குழுவைக் கூட்டிக்கொண்டு கணவாய் உச்சியில் நின்றபோது ஓர் அம்மாள் அக்கரை வீட்டைக் காட்டி, "அங்க யாரும் இல்லையா?" என்று கேட்டார். அன்று அக்காவும் மாமாவும் ஆடு விற்கக் கீழே போயிருந்தார்கள். "யாரும் இல்லைங்க" என்றான். அந்த ஒரு நாளைக்கு அது சத்தியமான வார்த்தை. அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வீட்டில் ஆள் இல்லை என்று கேட்டு மனிதர்கள் இவ்வளவு நிறைவாக அழுவார்கள் என்பது அவனுக்கு அதுவரை தெரியாது.

அடுத்த குழு வந்தபோது அக்கா வீட்டில் இருந்தாள். முந்தின நாளே போய்க் கேட்டான்: "ரெண்டு மணி நேரம் வெளிய வராம இருக்க முடியுமாக்கா? அடுப்பும் வேண்டாம், புகை தெரியும்." தம்பி கேட்டானே என்று அக்கா சம்மதித்தாள். பிறகு அது வழக்கமாயிற்று, இரண்டு மணி நேரம் மெல்ல நீண்டு பகல் முழுவதும் என்றாயிற்று. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் மூன்று குழுக்கள் வரும். மூன்று நாள் அக்கா வீட்டுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்து, தன் வீட்டில் தான் இல்லாமல் இருப்பாள்.

மாமாவுக்குத்தான் சிக்கல். அவர் நீர்வளத் துறைக்காக ஏரியின் மட்டத்தை அளப்பவர். தினமும் காலை எட்டுக்கும் மாலை நாலுக்கும் கரையில் நட்டிருக்கும் அளவுக் கம்பத்தைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். குழு வரும் நாட்களில் வெளியே தலைகாட்ட முடியாததால் முந்தின நாள் கணக்கையே எழுதிவைத்தார். ஒரே தேதிகளில் ஏரி ஒரு விரற்கடைகூட ஏறாமல் இறங்காமல் நிற்பதைக் கண்டு, துறையில் ஒரு பொறியாளர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே போயிருக்கும், கூரை மட்டும் இல்லாவிட்டால். போன குளிர்காலத்தில் தகரம் அரித்துச் சமையலறையில் மூன்று இடத்தில் ஒழுகியது. மாமா புதுத் தகரம் வாங்கிக் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுவந்து வைத்தார். நீல நிறம், அதுதான் கிடைத்தது. வழிகாட்டி பதறிப்போனான். "துருதான்க்கா படமே. எல்லாரும் அந்தத் துருவப் பாக்கத்தான் வராங்க. இந்த மூணு குழு மட்டும் போயிடட்டும். அப்புறம் நானே வந்து கூட நின்னு மாட்டித் தரேன். பனி, மாசக் கடைசியிலதானே விழும்."

அக்கா மூன்று வாரம் பொறுத்தாள். இன்று வந்திருப்பது மூன்றாவது குழு.

*

கணவாய் உச்சியில் எல்லாரும் மூச்சு வாங்கி நின்றபோது காலை ஒன்பது மணி. ஐந்து பேர். முன்னால் பல் டாக்டர். போன வருடம் அவர் எடுத்த இந்த வீட்டின் படம் ஒரு போட்டியில் முதல் பரிசு வாங்கியது. தலைப்பு: "கைவிடப்பட்டது". இப்போது அவருடைய மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறையில் அது தொங்குகிறது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. அவருக்குப் பின்னால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவரும் போன வருடம் வந்தவர்தான். பிறகு ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர். ஒரே மாதிரி கேமரா வாங்கி, ஒரே இடத்தில் நின்று, ஒரே படத்தை எடுத்து, ஒருவருக்கொருவர் காட்டாமல் மறைத்துக்கொள்வார்கள். கடைசியாக, எந்நேரமும் பேட்டரி எண்ணுகிற ஓர் இளைஞர். அவரை எல்லாரும் 'பேட்டரி' என்றே கூப்பிட்டார்கள்.

கீழே ஏரி. அதைச் சுற்றி மஞ்சள் மரங்கள், ஒவ்வொன்றின் உள்ளேயும் யாரோ விளக்கு ஏற்றி வைத்துவிட்டு மறந்துபோனதுபோல. வழிகாட்டி மரங்களைப் பார்க்கவில்லை. அக்கரையில் வீட்டைப் பார்த்தான்.

கூரையில் பாதியைக் காணோம்.

"ஐயையோ!" என்றார் பல் டாக்டர்.

வழிகாட்டி அவசரமாக அவருக்கும் ஏரிக்கும் நடுவில் போய் நின்றான்.

"ஐயையோ, என்ன அழகு! போன வருஷம் கூரை முழுசா இருந்துச்சு. இப்பப் பாருங்க, எலும்பே தெரியுது! ஒரே வருஷத்துல இவ்வளவு சிதைவா!"

"மேல யாரோ இருக்காங்களே" என்றார் தலைமையாசிரியை. கடைசி பெஞ்சில் யார் மிட்டாய் தின்கிறார்கள் என்று கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே கண்டுபிடித்த கண்கள் அவை.

கூரைமேல் இரண்டு உருவங்கள். ஒன்று தகரத்தை நெம்பியது. இன்னொன்று அதைக் கீழே தள்ளியது. சத்தம் சற்றுத் தாமதித்து ஏரியைக் கடந்து வந்தது.

"பழைய தகரம் எடுக்க வந்தவங்க" என்றான் வழிகாட்டி. வாயில் வந்தது அதுதான். "கீழ் ஊர்க்காரங்க. ஆளில்லாத வீடுன்னா இப்படித்தான், வந்துடுவாங்க."

"திருட்டா?" என்றார் டாக்டர். "என் வீட்டுலயா?"

"நான் போய்ப் பேசறேன். நீங்க நிதானமா கரைக்கு இறங்குங்க சார்."

*

வழுக்கும் இலைகள்மேல் அவன் ஓடிய ஓட்டத்தில் இரண்டு முறை விழுந்தான். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஏணியில் பாதியில் நின்று, துருப்பிடித்த தகரம் ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா! நாளைக்குன்னுதானே பேசினோம்!"

"வாடா. சாப்பிட்டியா?"

"அக்கா!"

"ரேடியோல சொல்லிட்டான். நாளைக்குக் காலைல பனி, முழங்கால் அளவு. நீ கேக்கலையா?"

கேட்டிருந்தான். நேற்று மாலை கேட்டுவிட்டு ரேடியோவை அணைத்து, "வானிலை நமக்குச் சாதகம்" என்று குழுவிடம் சொல்லியிருந்தான்.

மேலேயிருந்து மாமா எட்டிப் பார்த்தார். உதட்டில் நாலைந்து திருகாணிகளைக் கவ்வியிருந்ததால் பேச்சு பாதிதான் வந்தது. "மாப்ளே, வந்ததுதான் வந்த, அந்த முனையக் கொஞ்சம் பிடி."

"முடியாது மாமா. பாத்துட்டிருக்காங்க."

"யாரு?" மாமா திருகாணிகளைக் கையில் துப்பிக்கொண்டு ஏரிக்கு அப்பால் பார்த்தார். கை அசைக்கப் போனார்.

"கை ஆட்டாதீங்க மாமா! நீங்க திருடன்."

"நானா?"

"பழைய தகரம் திருட வந்திருக்கீங்க. ரெண்டு பேரும்."

மாமா யோசித்தார். "நல்ல தகரமா இருந்தாலாவது திருடினோம்னு ஒரு பெருமை இருக்கும்" என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும். "அஞ்சு வருஷமா இல்லாதவளா இருந்தேன். இன்னைக்குத் திருடியா ஆக்கிட்ட. பரவால்ல, ஆளாவது ஆயிட்டேன்."

"ரெண்டே மணி நேரம் உள்ள போயிடுங்கக்கா. அதுக்கப்புறம்…"

"எங்க உள்ள? உள்ளன்னு ஒண்ணு இருக்கா இப்ப? அண்ணாந்து பாரு, வானம் தெரியுது. தானியம் இருக்கு, மெத்தை இருக்கு, ஆட்டுத் தீவனம் இருக்கு. இருட்டறதுக்குள்ள மூடலேன்னா எல்லாம் ஊறிப் போயிடும். அப்புறம் இந்தக் குளிர்காலத்துக்கு எங்களுக்கு வீடு கிடையாது. புரியுதா? நான் நிறுத்த மாட்டேன்."

அவன் அவளையே பார்த்தான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கைகள் ஓயவில்லை. சுருட்டினாள், தள்ளினாள், அடுத்ததற்கு நகர்ந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு ஒரு வழி தோன்றியது. வெட்கப்பட வேண்டிய வழிதான். ஆனால் வெட்கப்பட அவகாசம் இல்லை.

"நிறுத்தாதீங்க" என்றான். "நிறுத்தவே வேண்டாம். ஆனா ஒரே இடத்துல நிக்காதீங்க. கேமராவ அஞ்சு நிமிஷம் திறந்து வெச்சு எடுக்கச் சொல்றேன். அசையறவங்க அதுல விழ மாட்டாங்க. நின்னாத்தான் விழுவீங்க."

"இத்தனை வருஷம் அசையாதேன்னான்" என்றார் மாமா மேலேயிருந்து, தன் மனைவியிடம். "இன்னைக்கு நிக்காதேங்கறான்."

"அப்புறம் மாமா, நீலத்த முதல்ல பின்பக்கம் போடுங்க. அது ஏரிக்குத் தெரியாது."

"காத்து பின்பக்கத்துலேந்துதான் வருது, அதான் அங்க முதல்ல போடறோம்" என்றாள் அக்கா. "உனக்காகன்னு நினைச்சுக்காத. போ, உன் ஆளுங்க காத்திருக்காங்க."

*

"போகமாட்டேங்கறாங்க" என்று குழுவிடம் வந்து சொன்னான். "முரட்டு ஆளுங்க. ஆனா ஒரு வழி இருக்கு."

கறுப்பு ஃபில்டரை எடுக்கச் சொன்னான். கண்ணில் வைத்தால் சூரியனே நிலாவாகத் தெரிகிற கண்ணாடி. அதை லென்ஸில் மாட்டி ஷட்டரை ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் நிற்பது மட்டும் பதியும். மலை பதியும், மரம் பதியும், வீடு பதியும். நடப்பவர்கள், பறப்பவர்கள், வேலை செய்பவர்கள் பதிய மாட்டார்கள்.

"அருமை" என்றார் டாக்டர். "இருந்தும் இல்லாத மாதிரி."

கேமராக்களைத் தாங்கி ஐந்து முக்காலி ட்ரைபாடுகள் கரையில் வரிசையாக நின்றன. ஐந்து ஷட்டர்கள் திறந்தன. எல்லாரும் கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு எதிரே பார்த்தார்கள். எதிரே இரண்டு பேர் ஒரு வீட்டின் கூரையைப் பிரித்து முதுகில் சுமந்து ஏணியில் இறங்கி, வெறுங்கையோடு ஏறி, நீலத் தகரத்தைப் பின்பக்கமாகவே ஏற்ற முகட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்து, மறுபடி தோன்றினார்கள். ஐந்து நிமிடம் கழித்து ஐந்து திரைகளிலும் பால்போல் உறைந்த ஏரி வந்தது, எலும்பு தெரியும் வீடு வந்தது, மனித வாடை வரவில்லை.

"பாருங்க! சுத்தமா இருக்கு!" என்று டாக்டர் அண்ணன் தம்பிகளுக்குக் காட்டினார். அவர்கள் தங்கள் திரைகளைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

"அந்தத் தகரம் பத்தடி இருக்கும்ல?" என்றார் அண்ணன், ஏணியில் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்து.

"ஒம்பதே முக்கால்" என்றார் தம்பி.

"நீ எப்பவும் கால் அடி குறைச்சுத்தான் சொல்லுவ. அதான் வாடிக்கை போகுது."

இப்படியே பன்னிரண்டு மணி ஆயிற்று. ஒவ்வொரு படத்திலும் வீடு காலையைவிட அழகாகச் சிதைந்திருந்தது. முன்பக்கத் தகரம் முழுவதும் போய், கூரையைத் தாங்கும் கைமரங்கள் மீன் முள்போல வெளியே தெரிந்தன. டாக்டர் அடுத்த போட்டிக்குத் தலைப்பு யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

ஒருமுறை அக்கா முகட்டில் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்காருகிறாள். வழிகாட்டி குழுவுக்குப் பின்னால் நகர்ந்து இரண்டு கைகளையும் தலைக்குமேல் வீசினான். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, மீதித் தண்ணீரை நடந்துகொண்டே குடித்தாள். அவன் கைகளைக் கீழே இறக்கி, அவற்றை என்ன செய்வது என்று தெரியாமல் பேட்டரியின் பையைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தான்.

*

இரண்டு மணிக்குக் காற்று திரும்பியது. கணவாய்ப் பக்கம் வானம் சாம்பல் நிறமாகித் தாழ்ந்து வந்தது. நாளைக் காலை என்று ரேடியோ சொன்னதை மலை கேட்டிருக்கவில்லை.

அக்கரையில் அக்காவும் வானத்தைப் பார்த்தாள். பிறகு அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. முதல் நீலத் தகரம் முன்பக்கம் ஏறியது.

"அது என்ன?" என்றார் டாக்டர்.

இரண்டாவது நீலத் தகரம் ஏறியது. மஞ்சள் மரங்களுக்கு நடுவே அது யாரோ சிந்திய மைபோல இருந்தது.

"கைடு, திருடன் கூரையப் பிரிப்பான். சரி. இவங்க எதுக்கு மாட்டறாங்க?"

"தெரியல சார்."

"எனக்குத் தெரியும். இது திருட்டு இல்ல, ஆக்கிரமிப்பு. ஆளில்லாத வீடுன்னு தெரிஞ்சு உள்ள புகுந்துட்டாங்க. இந்த மாதிரி ஆளுங்களாலதான் இயற்கையே அழியுது." அவர் மேலும் கீழும் நடந்தார். "ஊருக்குப் போனதும் வனத்துறைக்கு எழுதப் போறேன். ஆதாரம் என்கிட்ட இருக்கு. போன வருஷப் படம். பரிசு வாங்கின படம். அதுல ஒரு ஈ, காக்காகூட இல்ல. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

வழிகாட்டி அக்கரை வீட்டைப் பார்த்தான். அக்காவிடம் அந்த வீட்டுக்கு என்னென்ன காகிதங்கள் இருக்கின்றன என்று அவன் கேட்டதே இல்லை. தன்னிடம் என்ன காகிதம் இருக்கிறது என்பது தெரியும். விளம்பரத் தாளின் மூன்றாவது பத்தி.

"எதுக்கும் இப்பவும் ஒண்ணு எடுத்து வைப்போம்" என்று டாக்டர் ஷட்டரைத் திறந்தார். மற்றவர்களும் திறந்தார்கள்.

அப்போதுதான் பெரிய காற்று வந்தது. அக்கா மூன்றாவது தகரத்தைக் கைமரங்கள்மேல் சாய்த்துப் பிடித்திருந்தாள். மாமா முகட்டுக்கு அந்தப் பக்கம், பிய்த்துக்கொண்ட ஒரு மூலையின்மேல் படுத்து அழுத்திக்கொண்டிருந்தார். இவளுக்கு ஒரு கை கொடுக்க ஆளில்லை. தகரம் பாய்மரம்போல் விடைத்தது. விட்டால் தகரம் பறக்கும், அதோடு அவளும் போவாள். அவள் முழங்காலைச் சட்டத்தில் கொடுத்து, தோளால் தகரத்தை அழுத்தி, அப்படியே நின்றாள். அசையவில்லை. ஒரு நிமிடம். இரண்டு. வழிகாட்டி தன்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தான். மூன்று. நான்கு. காற்று தணிந்தபோது ஐந்து நிமிடம் முடிந்து ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மூடின.

ஐந்து திரைகளிலும் அக்கா இருந்தாள்.

ஏரி பாலாக, மேகம் கோடாக, மரங்கள் மஞ்சள் புகையாகக் கலைந்திருந்தன. அவளும் அந்த நீலத் தகரமும் மட்டும் கல்லில் வெட்டியதுபோல் தெளிவாக இருந்தார்கள். அன்றைக்கு எடுத்ததிலேயே அதுதான் நல்ல படம் என்பது ஐந்து பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது.

தலைமையாசிரியை தன் திரையைப் பெரிதாக்கினார். முகம் வந்ததும் நிறுத்தினார். பிறகு கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி வழிகாட்டியைப் பார்த்தார்.

"தம்பி, இங்க வா. முப்பத்தொரு வருஷம் அண்ணன் போனா தம்பி, தம்பி போனா தங்கச்சின்னு பார்த்தவ நான். இந்த மூக்கு யாரோடது?"

அவன் தலைகுனிந்தான். "எங்க அக்கா, டீச்சர்."

"அது யாரு வீடு?"

"அவங்க வீடு."

"இப்ப வாங்கினதா?" என்றார் டாக்டர், கடைசி நம்பிக்கையோடு.

"பன்னெண்டு வருஷமா."

"அப்ப போன வருஷம்?"

"உள்ளதான் இருந்தாங்க."

"உள்ள என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"சும்மா உக்காந்திருந்தாங்க சார். நீங்க படம் எடுத்து முடிக்கற வரைக்கும்."

டாக்டர் ட்ரைபாடைப் பிடித்துக்கொண்டார். வாய் திறந்தது, மூடியது. திறந்த வாய்களைப் பார்த்துப் பழகியவர், தன்னுடையதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"உங்க பரிசுப் படத்த அக்காகிட்ட காட்டினேன்" என்றான் வழிகாட்டி. ஏன் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. "நல்லா இருக்குன்னாங்க. இடது பக்க ஜன்னலுக்குப் பின்னால இருந்தாங்களாம். சார், நான் போறேன். தகரம் பிடிக்க ஆளில்ல அங்க."

"சாயந்தர வெளிச்சத்துல இன்னும் ஒரு ஷாட் இருக்கே" என்றார் பேட்டரி. நான்கு நாளில் அவர் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம் அது. தலைமையாசிரியை பார்த்த பார்வையில் இரண்டாவது வரவில்லை.

*

ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்தபோது எதிர்க்கரையிலிருந்து ஜவுளிக்கடை அண்ணன்காரரின் குரல், பழக்கதோஷத்தில், கேட்டது: "கைடு! ஃப்ரேம்ல நிக்கறீங்க!"

ஐந்து வருடப் பழக்கத்தில் அவனும் சட்டென்று குனிந்தான்.

"என்னடா குனியற? பிடி" என்றாள் அக்கா.

பிடித்தான். தகரம் பனிக்கட்டிபோல் சுட்டது. மாமா திருகாணிகளை முடுக்கினார். நான்காவது, ஐந்தாவது. அக்கா அவனிடம் எதுவும் கேட்கவில்லை. "சொல்லிட்டேன்க்கா" என்றான் அவனாகவே. "தெரியும். மூஞ்சில எழுதியிருக்கு" என்றாள். "கீழ் முனைய இன்னும் இழு."

சமையலறைக்கு மேல் மூன்று தகரம் பாக்கி இருக்கும்போது பனி விழத் தொடங்கியது. மெதுவாக அல்ல, யாரோ மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல. கால் மணி நேரத்தில் கணவாய் இருந்த இடத்தில் வெள்ளைச் சுவர்தான் இருந்தது. குழு தங்கியிருந்த விடுதி அதற்கு அந்தப் பக்கம். கண்ணுக்கெட்டிய வரை ஒரே ஒரு கூரைதான், அதுவும் முழுதாக இல்லை.

ஐந்து பேரும் பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்து ஏணிக்குக் கீழே நின்றார்கள்.

"உள்ள வரலாமா?" என்று தலைமையாசிரியை அண்ணாந்து கேட்டார்.

"தாராளமா. ஆனா உள்ளயும் இப்ப வெளியதான்" என்றாள் அக்கா. "மூணு தகரம் இருக்கு. கை கொடுத்தா அரை மணி நேரம்."

அந்தக் கூரைக்குச் சீக்கிரம் ஒரு முடிவு வர வேண்டும் என்று இப்போது எட்டு பேர் விரும்பினார்கள். அண்ணன் தம்பி தகரத்தைத் துணிச் சுருள்போல் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கடைசி இடத்துக்கு எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கண்ணாலேயே பார்த்து அண்ணன் ஏழடி என்றார், தம்பி ஆறே முக்கால் என்றார். மாமா அளந்தார், ஆறே முக்கால். தம்பி அந்தக் குளிரிலும் மலர்ந்துபோனார். தலைமையாசிரியை திருகாணிகளை எண்ணி எண்ணிக் கொடுத்தார், ஒன்று கீழே விழுந்தால் "யாரது?" என்றார். இருட்டிக்கொண்டு வந்தபோது பேட்டரி டார்ச்சைப் பிடித்தார். அவரிடம் மூன்று நாளைக்கு வெளிச்சம் இருந்தது. டாக்டர் மட்டும் சமையலறை நடுவில், தன் ட்ரைபாடை அணைத்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

கடைசித் தகரம் ஏறியபோது தலைக்குமேல் சடசடவென்று ஒரு சத்தம். ஒழுகி ஒழுகி உளுத்துப்போயிருந்த மூலைக் கைமரம், பனியும் ஆளும் சேர்ந்த பாரத்தில் வளைந்து இறங்கியது.

"முட்டுக் கொடுக்கணும்!" என்று மாமா மேலேயிருந்து கத்தினார். "கீழ யாராவது, ஏதாவது ஒரு கம்பு!"

வீட்டிலிருந்த கம்பு, கட்டை எல்லாம் ஏற்கெனவே கூரைக்குப் போயிருந்தன. எல்லாரும் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் டாக்டரைப் பார்த்தார்கள்.

டாக்டர் தன் கையில் இருந்ததைப் பார்த்தார். ட்ரைபாடின் உச்சியிலிருந்த கேமராவைக் கழற்றி மெத்தைமேல் வைத்தார். அதன் மூன்று கால்களையும் விரித்தார். நடுத்தண்டை உயர்த்தினார். ஆடும் பல்லுக்கு எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும் என்று பார்ப்பதுபோல் மரத்தை விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, உறுதியான இடம் வந்ததும் ஒரு பலகையை வைத்து அதன்கீழ் தண்டைத் திருகித் திருகி ஏற்றினார். மரம் முனகியது. ஒரு விரற்கடை எழும்பியது. நின்றது.

"இருபத்தஞ்சு கிலோ தாங்கும்னு போட்டிருக்கான்" என்றார், மேல்மூச்சு வாங்க. "நேரா வெச்சா இன்னும் கூடத் தாங்கும்." பிறகு குனிந்து, அந்த அவசரத்திலும், ட்ரைபாடின் நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

மேலே கடைசித் திருகாணி இறங்கியது. சமையலறையில் விழுந்துகொண்டிருந்த பனி, யாரோ கதவைச் சாத்தியதுபோல் நின்றது.

அக்கா இறங்கி வந்து நேரே அடுப்பை மூட்டினாள். குழு வந்திருக்கும் நாளில் அவள் அடுப்பு மூட்டுவது ஐந்து வருடத்தில் இதுதான் முதல் முறை. புகைபோக்கி வழியாக வீடு பெருமூச்சு விட்டது. இருந்த நான்கு டம்ளர்களில் எட்டு பேர் முறைபோட்டு டீ குடித்தார்கள். மாமா நோட்டை எடுத்துக்கொண்டு, நாலு மணி அளவு தாமதமாகிவிட்டதே என்று பனியில் கரைக்கு ஓடினார்.

கைகால் சூடு வந்ததும் டாக்டர் எழுந்து ட்ரைபாடைச் சுற்றி வந்தார். கேமரா மெத்தையில் கிடந்தது. லேசாகத் தண்டைத் தொட்டார். மேலே மரம் க்ர்ரென்றது. கையை எடுத்துவிட்டார்.

"இத எப்ப எடுக்கலாம்மா?" என்று கேட்டார். அவர் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை.

"இப்ப எடுத்தா கூரை வந்துடும்" என்றாள் அக்கா. "பனி உருகட்டும். புது மரம் வெட்டிப் போட்டதும் எடுத்துக்கலாம்."

"எப்ப உருகும்?"

"அஞ்சு மாசம்."

டாக்டர் அதை விழுங்கினார். "யாரும் இல்லாத நேரத்துல நான் வந்துட்டா?"

வழிகாட்டி டம்ளரைக் கீழே வைத்தான். தலைமையாசிரியை கண்ணாடியை இறக்கினார். அக்கா டாக்டரைச் சற்று நேரம் பார்த்தாள். குரல் தணியவில்லை, சாதாரணமாகவே இருந்தது.

"கதவத் தட்டுங்க டாக்டர். இருப்போம்."

டாக்டர் உள்பாக்கெட்டிலிருந்து டைரியை எடுத்தார். நோயாளிகளுக்கு நாள் கொடுத்துக் கொடுத்துப் பழகிய கை, ஐந்து மாதம் தள்ளி ஒரு பக்கத்தைத் திருப்பியது. "காலைலயா, சாயந்தரமா?" என்று கேட்டார்.

"காலைல வாங்க" என்றாள் அக்கா. "எட்டு மணிக்கு மேல. அதுக்கு முன்னால அவர் ஏரிக்குப் போயிருப்பார்."

டாக்டர் பேனாவை உதறி, குறித்துக்கொண்டார்.